கால்வாயும் கடவையும்: கிளாஸ்கோ ஸ்டொக்கிங்பீல்ட் நடைபாலம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அறிமுகம்

2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், ஸ்கொட்லாந்தின் பெருநகரான கிளாஸ்கோவின் வடபகுதியில் ஒரு நடைபாலம் திறந்துவைக்கப்பட்டது. போர்த் - கிளைட் கால்வாயின் பிரதான வழியும் அதன் கிளாஸ்கோக் கிளையும் சந்திக்கும் ஸ்டொக்கிங்பீல்ட் என்னுமிடத்தில் அப்பாலம் அமைந்துள்ளது. நடந்து செல்வோரும் துவிச்சக்கரவண்டியிற் செல்வோரும் மட்டுமே அதனைப் பயன்படுத்தலாம். நீர்ச்சந்தியின் மூன்று கரைகளிலும் அமைந்த மேரிஹில், ரக்கில், கில்சொக்கில் ஆகிய மூன்று குடியிருப்புகளை அது ஒன்றோடொன்று தொடுக்கின்றது. 1790இற் கால்வாய் முற்றுப்பெற்றதன் பின்னர் இம்மூன்று பகுதி மக்களும் நேரடியாக இணைக்கப்படுவது இதுவே முதற்தடவை எனத் திறப்புவிழாக் காலத்திற் பெருமையுடன் பேசப்பட்டது.

இக்கூற்றை நாம் ஒரு வரலாற்று வினாவாக எடுத்துக்கொள்ள விரும்புகின்றோம். சில நூறு அடி நடந்தாற் சென்றடையக்கூடிய எதிர்க்கரைக்கு ஒரு பாலம் அமைக்க 232 ஆண்டுகள் சென்றமைக்குக் காரணம் யாது? தொழில்நுட்பம் இன்மை அதற்குக் காரணமாகாது. 1790இலேயே ஒரு நதியின் மேலாக எழுபதடி உயரத்திற் கப்பலைக் கொண்டுசெல்லும் நீர்ப்பாலத்தை அதே கால்வாயின் பொறியியலாளர் அதே மேரிஹில்லிற் கட்டி முடித்திருந்தனர். கப்பல் நதியைக் கடப்பதற்குப் பாலம் அமைத்தோர், மனிதர் கால்வாயைக் கடப்பதற்கு அமைக்கவில்லை. கால்வாய் யாருக்காக வெட்டப்பட்டது, யாரால் மூடப்பட்டது, யாருக்காக மீட்கப்பட்டது என்பவற்றை ஆராய்வதன்மூலமே இவ்வினாவுக்கு விடைகாண முடியும் என்பது எமது கருத்து.

1. வெட்டுவித்தோர்

ஸ்கொட்லாந்தின் இடுப்புப் போன்ற ஒடுங்கிய நிலப்பகுதியின் கிழக்கே போர்த் கழிமுகமும் மேற்கே கிளைட் நதியும் உள்ளன. இவ்விரண்டையும் கால்வாயால் இணைத்தால், வடகடலில் இருந்து அத்திலாந்திக்கிற்குச் செல்லும் கப்பல்கள் நாட்டின் வடமுனையைச் சுற்றவேண்டியதில்லை. இவ்வெண்ணம் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வந்ததாயினும், செயலுருப் பெற்றது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே.

எத்தகைய கால்வாய் வேண்டும் என்பதில் முதலாளிகளிடையே இருவேறு நலன்கள் மோதின. கிளாஸ்கோ வணிகருக்கு வேண்டியிருந்தது குறைந்த செலவில் விரைவில் முடியக்கூடிய, நாலடி ஆழமுள்ள ஒரு சிறு கால்வாய். அவர்கள் வேர்ஜீனியா, மேரிலாந்து ஆகிய குடியேற்றங்களின் புகையிலையை இறக்குமதி செய்து ஐரோப்பாவுக்கு மறுவிற்பனை செய்தவர்கள். எடின்பரோவைச் சார்ந்த நிலப்பிரபுக்களும் வங்கியாளரும் இதனை எதிர்த்தனர். கடற்கப்பல்கள் செல்லத்தக்க பெருங்கால்வாயையே அவர்கள் வேண்டிநின்றனர். இறுதியில் பெருங்கால்வாய்த் திட்டமே வென்றது. 1768 மார்ச் மாதத்திற் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு ஜூன் 10ஆம் தேதி சேர் லோறன்ஸ் டன்டாஸ் முதல் மண்ணை வெட்டினார். ஜோன் ஸ்மீற்றன் பொறியியலாளராகப் பணியாற்றினார். கிளாஸ்கோ வணிகரைச் சமாதானப்படுத்துவதற்காக அவர்களது நகருக்கு ஒரு கிளை வெட்டவும் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஸ்டொக்கிங்பீல்டில் இன்று மூன்று கரைகள் உள்ளனவெனின், இரு முதலாளிப் பிரிவினர் செய்துகொண்ட அந்தச் சமரசமே அதன் மூலகாரணம்.

சேர் லோறன்ஸ் டன்டாசின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது. 1745 - 46இல் யக்கோபையர் கிளர்ச்சியை அடக்கிய அரச படைக்கும், பின்னர் ஏழாண்டுப் போரிற் போரிட்ட படைகளுக்கும் உணவும் தீவனமும் வழங்கும் ஒப்பந்தகாரராக இருந்து பொருளீட்டியவர் அவர். கரிபியன் தீவுகளான கிரெனடாவிலும் டொமினிக்காவிலும் அடிமைகளின் உழைப்பில் இயங்கிய தோட்டங்கள் அவருக்குச் சொந்தமாயிருந்தன. கால்வாய் கடலைச் சேரும் கிழக்கு முனையிலுள்ள நிலமும் அவருடையதே. இன்றைய கிறேஞ்மவுத் துறைமுகப் பட்டினம் அந்நிலத்திலேயே தோன்றியது. ஆகவே, கால்வாயின் முதல் மண்வெட்டு நாட்டுநலனுக்கான தொடக்கம் மட்டுமன்று, ஒரு நிலவுடைமையாளர் தமது நிலத்தின் பெறுமதியை உயர்த்திக்கொண்ட செயலுமாகும்.

வெட்டியோர் வேறு. மலைநாட்டிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் அயற்கிராமங்களிலிருந்தும் கூலிக்கு வந்த தொழிலாளர் மண்வெட்டியும் கூடையும் தள்ளுவண்டியும் கொண்டே இவ்வேலையைச் செய்தனர். நீர் கசியாதிருப்பதற்காகக் களிமண்ணை நீர்விட்டுக் காலால் மிதித்துப் பிசைந்து கால்வாயின் அடியிலும் பக்கங்களிலும் அப்பினர். கிளாஸ்கோக் கிளையையொட்டிய ஹமில்டன்ஹில்லிற் களிமண் தோண்டிய குழிகள் இன்றும் உள்ளன. பொறியியலாளரினதும் பங்குதாரரினதும் பெயர்களை ஏடுகள் தெளிவாகத் தருகின்றன. மிதித்தவர்களின் பெயர்களைத் தருவதில்லை. குளங்களை அவற்றைக் கட்டுவித்த மன்னர் பெயராலேயே அறிந்து பழகிய நமக்கு இது புதுமையன்று.

2. ஸ்டொக்கிங்பீல்டில் நின்ற கால்வாய்

கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வெட்டப்பட்டு வந்த கால்வாய் 1773இற் கேர்க்கின்ரிலொக் என்னும் ஊரையும், 1775இல் ஸ்டொக்கிங்பீல்டையும் அடைந்தது. அங்கே பணம் தீர்ந்துவிட்டது. அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலைப்போர் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கிளாஸ்கோவின் புகையிலை வணிகம் பேரிடியைச் சந்தித்த காலம் அது. ஆயினும் 1777இற் கிளாஸ்கோக் கிளை ஹமில்டன்ஹில் வரை கொண்டுசெல்லப்பட்டது. மேற்குக் கடலை அடையவேண்டிய பிரதான வழியோ பத்தாண்டுகள் வரை ஓரடியும் நகரவில்லை. கிளை முடிந்துவிட, மரம் முடியாமல் நின்றது எனலாம்.

மீண்டும் வேலை தொடங்க உதவிய பணம் எது? கிளர்ச்சி செய்தமைக்காக மலைநாட்டுத் தலைவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலங்களை அரசு 1784இல் அவர்களது வழித்தோன்றல்களுக்குத் திருப்பியளித்தது. நிலங்கள்மீதிருந்த கடனுக்கீடாக அவர்கள் பணம் செலுத்தவேண்டியிருந்தது. அந்நிதியிலிருந்து 50,000 பவுண் கால்வாய்க் கம்பனிக்குக் கடனாக வழங்கப்பட்டது. கிளர்ச்சியை அடக்கிய படைக்குத் தீவனம் விற்ற செல்வம் கால்வாயைத் தொடக்கிவைக்க, கிளர்ச்சி செய்தோரின் நிலத்தால் வந்த பணம் அதனை முடித்துவைத்தது. மூலதனம் திரள்வதற்குத் தோற்றவரும் வென்றவரும் ஒருங்கே உதவியமைக்கு இது ஒரு தெளிவான சான்று.

1785இல் றொபேட் விற்வேர்த் என்ற பொறியியலாளரின் தலைமையில் வேலை மீளத் தொடங்கிற்று. மேரிஹில்லில் ஐந்து நீரடைப்புகள் அடுக்காகக் கட்டப்பட்டன. கதவுகளால் நீரைத் தேக்கியும் வடித்தும் கப்பலைப் படிப்படியாக ஏற்றியிறக்கும் அமைப்புகள் இவை. அவற்றையடுத்து, நான்கு கமான்களைக் கொண்ட கெல்வின் நீர்ப்பாலம் எழுந்தது. 1790 ஜூலை 28ஆம் தேதி, கிளைட் கரையிலுள்ள போலிங் என்னுமிடத்தில், போர்த் நீர் கொண்டுவரப்பட்டுக் கிளைட்டில் ஊற்றப்பட்டது. 35 மைல் நீளமும் 39 நீரடைப்புகளும் கொண்ட கால்வாய் இவ்வாறு முற்றுப்பெற்றது. அதே காலத்திற் கிளாஸ்கோக் கிளையும் நீட்டப்பட்டு, டன்டாஸ் குடும்பத்தின் பெயரால் போர்ட் டன்டாஸ் என்ற உள்நாட்டுத் துறைமுகம் உருவாகியது.

3. பிரிவினையோடு பிறந்த ஊர்கள்

'கால்வாய் பிரித்த மக்களைப் பாலம் மீண்டும் இணைத்தது' என்ற கூற்று இவ்விடத்திற் பரிசீலனைக்குரியது. 1775இல் ஸ்டொக்கிங்பீல்டைச் சூழ இருந்தவை பெரும்பாலும் பண்ணை நிலங்களும் நிலப்பிரபுக்களின் எஸ்டேட்டுகளுமே. பிரிக்கப்படுவதற்கு அங்கு ஓர் ஊர் இருக்கவில்லை. ஊரைத் தோற்றுவித்ததே கால்வாய்தான். கேர்பிரெய்ட் எஸ்டேட்டின் உரிமையாளரான மேரி ஹில் என்ற அம்மையாரும் அவரது கணவர் றொபேட் கிரஹாமும், தமது நிலத்தினூடாகக் கால்வாய் சென்றபின், 1793இல் வீடு கட்டுவோருக்கு நிலத்தைப் பங்கிட்டு வழங்கத் தொடங்கினர். அங்கு எழும் ஊர் மேரிஹில் என்றே என்றும் வழங்கப்படவேண்டும் என்பது நிபந்தனை.

அதன்பின் நிகழ்ந்தது கைத்தொழிற் புரட்சியின் வழமையான கதை. நிலக்கரியும் மரமும் சுண்ணாம்பும் தானியமும் கால்வாய்வழி வந்தன. படகு கட்டும் தளங்கள், மரமரியும் ஆலைகள், இரும்பு வார்ப்பாலைகள், கண்ணாடி ஆலைகள், இரசாயனத் தொழிற்சாலைகள் ஆகியன கரையோரத்தில் எழுந்தன. கெல்வின் நதியோரத்துத் துணி அச்சடிப்பு ஆலைகளும் இத்தொழிற் பிரதேசத்தின் பகுதியாயின. 1803 மார்ச் மாதத்தில் வில்லியம் சிமிங்ரனின் 'சார்லட் டன்டாஸ்' என்ற நீராவிப் படகு, ஒவ்வொன்றும் 70 தொன் கொண்ட இரு படகுகளை இழுத்தவாறு பத்தொன்பதரை மைல் தூரம் இக்கால்வாய் வழியே போர்ட் டன்டாசுக்கு வந்தது. அது ஸ்டொக்கிங்பீல்டைக் கடந்துதான் வந்திருத்தல் வேண்டும். உலக நீராவிக் கப்பல் வரலாற்றில் இந்நிகழ்ச்சிக்குத் தனியிடம் உண்டு. ஆனால் கரைகள் அரிக்கப்படும் என அஞ்சிய கம்பனி அப்படகை ஒதுக்கிவிட்டது. தன் சொத்தைப் பாதிக்குமாயின் புதுமையும் வேண்டாம் என்பதே கம்பனியின் நிலைப்பாடு.

தொழிலோடு தொழிலாளர் இயக்கமும் வளர்ந்தது. 1834இல் மேரிஹில் துணி அச்சடிப்பாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சங்கத்தை உடைப்பதற்காக வேலைக்கு அமர்த்தப்பட்டோருள் ஒருவனாற் ஜோர்ஜ் மில்லர் என்ற இளந்தொழிலாளி குத்திக் கொல்லப்பட்டார். சக தொழிலாளர் அவருக்கெழுப்பிய நினைவுக்கல் மேரிஹில் தேவாலய முற்றத்தில் உண்டு. பின்னர் 1878இல் திறக்கப்பட்ட மேரிஹில் நகர மண்டபத்துக்கு ஸ்டீபன் அடம் என்ற கலைஞர் 20 வண்ணக் கண்ணாடிச் சித்திரங்களை அமைத்தார். தேவரும் மன்னரும் இடம்பெறும் கண்ணாடிகளிற் கால்வாய்ப் படகோட்டியும் இரும்பு வார்ப்போனும் இரசாயனத் தொழிலாளியும் தத்தம் வேலையுடையில், வேலை செய்தவாறே காட்சிதருகின்றனர். அக்காலக் கலைமரபில் இது அரிதானதொன்று. கால்வாயைப் பற்றி நாம் எழுப்பும் வினாக்களுக்கு ஏடுகளிலும் பார்க்க இக்கண்ணாடிகள் கூடுதலாக விடைபகர்கின்றன.

எனவே மேரிஹில், ரக்கில், கில்சொக்கில் ஆகியன ஒன்றாயிருந்து பின் பிரிந்தவையல்ல, பிரிவினையோடு பிறந்தவை. அவற்றுக்கு வாழ்வளித்த நீரே அவற்றுக்கிடையே நின்றது. புதிய பாலம் பழைய ஒற்றுமையை மீட்டுத்தரவில்லை. முன்னொருபோதும் இல்லாத ஒன்றை உருவாக்கியுள்ளது. இவ்வேறுபாடு சொல்லளவானதன்று. 'மீட்டல்' என்று கூறும்போது கால்வாயை வெட்டியோரின் பொறுப்பு மறைந்து, அது வெறும் காலத்தின் விபத்தாகத் தோன்றிவிடுகின்றது.

4. பாலம் இன்மையின் பொருளியல்

பாலம் ஏன் அமைக்கப்படவில்லை என்ற வினாவுக்கு இப்போது திரும்புவோம். இது கடலிலிருந்து கடலுக்குச் செல்லும் கால்வாய். பாய்மரங்கொண்ட கப்பல்கள் அதிற் சென்றன. ஆகவே தாழ்வான நிலைத்த பாலம் எதனையும் குறுக்கே கட்ட இயலாது. கட்டுவதாயின் தூக்குப்பாலமே கட்டவேண்டும். தூக்குப்பாலத்துக்குக் காவலாள் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். பாலம் இறங்கியிருக்கும் நேரமெல்லாம் கப்பல் காத்துநிற்கவேண்டும். ஆகவே சட்டம் வற்புறுத்திய இடங்களிலும், பெருந்தெருக்கள் குறுக்கிட்ட இடங்களிலும், நிலவுடைமையாளரின் நிலம் இரண்டாகப் பிளவுபட்ட இடங்களிலும் பாலங்கள் அமைந்தன. ஆலைக்குச் செல்லும் தொழிலாளிக்கும் பாடசாலைக்குச் செல்லும் சிறுவனுக்கும் குறுக்குவழி வேண்டும் என்பது கம்பனியின் கணக்கேட்டில் இடம்பெறத்தக்க விடயமன்று.

ஸ்டொக்கிங்பீல்டில் மூன்று கரைகள் இருந்தமையாற் செலவும் சிக்கலும் மேலும் கூடின. கால்வாயின் கீழாக, ஒரு சிறு நீர்ப்பாலத்தின் அடியிற் செல்லும் ஒடுங்கிய தெருவே மாற்றுவழியாயிற்று. இழுவைப்பாதை வழியே வருவோர் கரையிலிருந்து இறங்கி, அவ்விருண்ட வழியைக் கடந்து, மறுபுறம் ஏறவேண்டும். கப்பல் வெளிச்சத்தில் மேலே செல்ல, மனிதர் கீழே இருளிற் சென்ற இவ்வமைப்பு இரு நூற்றாண்டு காலம் நிலைத்தது.

புகையிரதம் வந்ததும் கால்வாயின் முதன்மை குன்றியது. 1842இல் எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்குமிடையே புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 1867இற் கலிடோனியன் புகையிரதக் கம்பனி கால்வாயையே விலைக்கு வாங்கிவிட்டது. கால்வாய்க்குப் போட்டியாக வந்தவரே அதன் உரிமையாளராகியபின், அதனை மேம்படுத்துவதில் அவருக்கு அக்கறை இருக்குமென எதிர்பார்க்க முடியாது. இருபதாம் நூற்றாண்டில் இரு உலகப் போர்களும் போர்த் பகுதி வணிகத்தைப் பாதித்தன. 1948இற் கால்வாய் தேசியமயமாக்கப்பட்டபோது அரசின் கைக்கு வந்தது நலிந்துபோன ஒரு சொத்தேயாகும்.

5. பாலத்தால் மூடப்பட்ட கால்வாய்

1962இல் நிகழ்ந்தது வரலாற்றின் முரண்நகை எனலாம். காஸ்ல்கரி என்னுமிடத்திற் கால்வாயைக் குறுக்கறுத்த ஏ80 பெருந்தெருவை விரிவாக்க அரசு திட்டமிட்டது. கப்பற் போக்குவரத்து உரிமை நீடிக்கும்வரை அங்கு திறந்து மூடும் பாலம் ஒன்றைக் கட்டவேண்டும். அச்செலவைத் தவிர்ப்பதற்கு எளிய வழி, அவ்வுரிமையையே சட்டத்தால் நீக்கிவிடுவது. பாராளுமன்றம் அவ்வாறே செய்தது. 1963ஆம் ஆண்டு பிறந்தபோது போர்த் - கிளைட் கால்வாய் சட்டப்படி கால்வாயாக இருக்கவில்லை. கால்நடையாகச் செல்வோருக்குப் பாலம் மறுத்த கால்வாய், மோட்டார் வாகனத்துக்குரிய பாலத்தின் பொருட்டு மூடப்பட்டது.

மூடியபின் பல இடங்களிற் கால்வாய் குழாய்களுக்குள் அடைக்கப்பட்டது, சிலவிடங்களில் நிரப்பப்பட்டது. கிளாஸ்கோவின் கிழக்கே நிலக்கரி கொண்டுவந்த மொங்லண்ட் கால்வாயின் படுகைமீது எம்8 அதிவேக நெடுஞ்சாலை போடப்பட்டது. அந்நெடுஞ்சாலை போர்ட் டன்டாசையும் அதனைச் சூழ்ந்த தொழிலாளர் குடியிருப்புகளையும் நகர மையத்திலிருந்து துண்டித்தது. கைத்தொழில் முதலாளித்துவம் ஒரு கால்வாயால் வடகிளாஸ்கோவைப் பிளந்ததெனின், மோட்டார் வாகன யுகம் நெடுஞ்சாலையால் மீண்டும் பிளந்தது எனலாம். இதே காலத்தில் ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. கால்வாய்க் கரை கைவிடப்பட்ட நிலமாகவும், குப்பை கொட்டும் இடமாகவும் மாறிற்று. சிறுவர் நீரில் மூழ்கி இறந்தமையால், எஞ்சிய பகுதிகளையும் நிரப்பிவிடவேண்டும் என்ற குரல் குடியிருப்பாளரிடையே எழுந்ததும் உண்டு. கால்வாயைக் காப்போரின் எழுத்துக்களில் இக்குரல் அறியாமையாகக் கருதப்படுவதுண்டு. அது நியாயமன்று. தம் பிள்ளைகளை இழந்த தாய்மாருக்கு அந்நீர் மரபுச்சின்னமாகத் தோன்றியிருக்க முடியாது.

6. மீட்பும் அதன் பயனாளரும்

1980இற் கால்வாயை மீட்பதற்கென ஒரு சங்கம் தோன்றியது. தன்னார்வலரின் நீண்டகால உழைப்பும் உள்ளூராட்சி மன்றங்களின் ஆதரவும் ஒன்றுசேர, ஆயிரவாண்டு நிறைவையொட்டி லொத்தர் நிதியிலிருந்து பணம் பெறும் வாய்ப்புக் கிட்டியது. ஏறத்தாழ 8 கோடி 40 இலட்சம் பவுண் செலவில், போர்த் - கிளைட் கால்வாயும் எடின்பரோவுக்குச் செல்லும் யூனியன் கால்வாயும் மீட்கப்பட்டன. 2001இல் போர்த் - கிளைட் கால்வாய் மீளத் திறக்கப்பட்டது. இரு கால்வாய்களுக்குமிடையே முன்னர் இருந்த 11 நீரடைப்புகளுக்குப் பதிலாக, படகுகளைத் தூக்கிச் சுழற்றி ஏற்றியிறக்கும் போல்கேர்க் சக்கரம் 2002இல் இயங்கத் தொடங்கியது. பழைய பெருந்தெருக்களை உயர்த்த இயலாத டல்மியுர் என்னுமிடத்திற் படகைக் கீழே இறக்கித் தெருவின் அடியாற் கொண்டுசெல்லும் புதுவகை நீரடைப்பு அமைக்கப்பட்டது.

மீட்கப்பட்ட கால்வாய் பழைய கால்வாயன்று என்பது இவ்விடத்தில் வற்புறுத்தப்படவேண்டும். இன்று நிலைத்த பாலங்களின் கீழ்ச் செல்லும் படகுகள் நீர்மட்டத்திலிருந்து சுமார் 3 மீற்றருக்கு மேல் உயர்ந்திருக்க முடியாது. உயர்ந்த பாய்மரம் இல்லை, சரக்கு இல்லை, உல்லாசப் படகுகளே உண்டு. இதனாலேயே ஸ்டொக்கிங்பீல்டில் நிலையான நடைபாலம் ஒன்று சாத்தியமாயிற்று. வணிகம் நீரைவிட்டு நீங்கியபின்னரே மனிதருக்குக் கடவை கிடைத்தது. 232 ஆண்டுக் காலதாமதத்துக்கு இதுவே அடிப்படைக் காரணம் என நாம் கருதுகின்றோம்.

இப்பாலம் தனித்த ஒன்றன்று. 2021இல் ஹமில்டன்ஹில்லிற் களிமண் குழிகள் இயற்கை ஒதுக்கிடமாக்கப்பட்டபோது, அங்கும் கால்வாய்க்குக் குறுக்கே ஒரு நடைபாலம் அமைக்கப்பட்டது. நெடுஞ்சாலை துண்டித்த சைற்ஹில் பகுதியை நகரோடு இணைக்கும் அகன்ற நடைபாலம் 2023இல் திறக்கப்பட்டது. ஸ்டொக்கிங்பீல்ட் பாலத்தருகே கேலிக் நாட்டார் கதைகளில் வரும் 'பெய்திர்' என்ற பாம்புருவம் ஓடுபதித்த சிற்பமாக வளைந்து கிடக்கின்றது. அதன் அலங்கார வேலையிற் சூழவுள்ள மக்களும் பங்குபற்றினர். ஒருகாலத்திற் பெயரற்றோரின் கால்கள் களிமண் மிதித்த கரையில், இன்று ஊரவரின் கைகள் களிமண் ஓடுகளிற் பதிந்திருப்பது வரவேற்கத்தக்கது.

ஆயினும் மீட்பின் மற்றொரு பக்கத்தையும் நோக்கவேண்டும். வடகிளாஸ்கோவிற் கால்வாயின் நீர்மட்டத்தைத் தேவைக்கேற்ப 10 சென்ரிமீற்றர் வரை தாழ்த்தி, பெருமழை நீரை அதனுள் ஏற்கும் வடிகாற் திட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டுள்ளது. வெள்ள அபாயம் காரணமாகக் கட்டட வேலைக்கு உதவாதிருந்த சுமார் 110 ஹெக்ரயர் நிலம் இதனால் முதலீட்டுக்கு உகந்ததாகும் என்றும், மூவாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழும் என்றும் திட்டத்தை வகுத்தோர் கணக்கிட்டனர். சேர் லோறன்ஸ் டன்டாசின் கிறேஞ்மவுத்திலும் மேரி ஹில் அம்மையாரின் கேர்பிரெய்ட்டிலும் நிகழ்ந்தது போலவே, இன்றும் கால்வாய் நிலத்தின் விலையை உயர்த்தும் கருவியாகின்றது. சைற்ஹில்லின் மாடிக் குடியிருப்புகளில் 2000ஆம் ஆண்டு முதல் புகலிடம் கோரி வந்தோர் பலர் குடியமர்த்தப்பட்டனர். அம்மாடிகள் இடிக்கப்பட்டுப் புதிய வீடுகள் எழுந்துள்ளன. புதிய வீடுகளில் எத்தனை பழைய குடியினருக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்குக் கிடைக்கும் என்பதே மீட்பின் தன்மையை அளவிடும் கோல்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. விலை உயரும் என்பதற்காகத் தொழிலாளர் குடியிருப்புகளை இருளிலும் குப்பையிலும் விட்டுவைப்பதா எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. பாலம் வேண்டாம் என்பது எமது முடிவன்று. பாலத்துக்குச் செலவான பொதுப்பணம் உருவாக்கும் பெறுமதி பொதுமக்களிடமே தங்குவதற்குக் குடிவாடகையும் நிலவுடைமையும் பற்றிய கொள்கைகள் வேண்டும் என்பதே நாம் சொல்ல விழைவது. பாலம் கரைகளை இணைக்கலாம். அக்கரைகளில் யார் வாழ்வார் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

முடிவுரை

2022 மார்ச் மாத இறுதியிற் கிளாஸ்கோ மாநகரசபை, அடிமை வணிகத்தினாலும் அடிமை உழைப்பினாலும் நகர் அடைந்த ஆதாயத்துக்காக முறையாக மன்னிப்புக் கோரியது. அதே ஆண்டின் இறுதியில் நடைபாலம் திறக்கப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளும் வெவ்வேறு பக்கங்களிற் செய்தியாக வெளிவந்தன. அவை ஒரே வரலாற்றின் இரு பகுதிகள் என்பது மேற்கூறியவற்றாற் புலனாகும். புகையிலை வணிகரின் கோரிக்கையாற் பிறந்த கிளையும், தோட்ட உரிமையாளர் தொடக்கிவைத்த பிரதான வழியும் சந்திக்குமிடத்திலேயே பாலம் நிற்கின்றது.

எமது நோக்கிலிருந்து மூன்று முடிபுகளுக்கு வரலாம். முதலாவதாக, பாலம் இன்மை என்பது பெரும்பாலும் பொறியியற் குறைபாடன்று, அதிகார உறவின் வெளிப்பாடு. எந்தப் போக்குவரத்துக்கு முன்னுரிமை என்பதிலே ஒரு சமூகம் எவரை மதிக்கின்றது என்பது தெரிகின்றது. இரண்டாவதாக, 'மீட்டல்' என்ற சொல்லை வரலாற்றாய்வாளர் எச்சரிக்கையுடன் கையாளவேண்டும். ஸ்டொக்கிங்பீல்டில் மீட்கப்பட்டது நீர்வழி. மக்களுக்குக் கிடைத்தது புதியதோர் உரிமை. அதனைப் பழையதன் மறுவருகையாகக் காட்டுவது, அவ்வுரிமை இருநூறாண்டுக்கு மேல் மறுக்கப்பட்டதை மறைப்பதாகும். மூன்றாவதாக, கால்வாய் பற்றிய வரலாறு பங்குதாரரின் ஏடுகளிலிருந்து மட்டும் எழுதப்படலாகாது. ஜோர்ஜ் மில்லரின் நினைவுக்கல்லும், ஸ்டீபன் அடமின் கண்ணாடிகளும், களிமண் குழிகளும், தெருவின் அடியிலுள்ள இருண்ட வழியும் அவ்வரலாற்றின் மூலங்களே.

அவ்விருண்ட வழியால் நாள்தோறும் நடந்த தலைமுறையினர் இன்றும் வாழ்கின்றனர். அவர்களது வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுவது உடனடியாகச் செய்யவேண்டிய ஆய்வுப்பணி. கால்வாய் எவ்வாறு வெட்டப்பட்டது என்பதை நாம் ஓரளவு அறிவோம். அதனருகே வாழ்ந்தோர் அதனை எவ்வாறு கடந்தனர் என்ற வரலாறு எழுதப்பட்டாலன்றி, திறப்புவிழா மேடைகளிற் கூறப்படும் வரலாறே எஞ்சிநிற்கும்.